திரைக்கு இந்தப் பக்கம்: இசை ஆவணப்படங்களும் ரசிகர் கூட்டமும்

கச்சேரிப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அரங்கில் எழுந்து ஆடலாமா, கூடச் சேர்ந்து பாடலாமா என்ற சண்டைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1984 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவில் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, பார்க்க வந்தவர்கள் இருக்கைகளுக்கு நடுவே இறங்கி ஆடினார்கள். 2023 அக்டோபரில் டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி ஈராஸ் டூர்’ கச்சேரிப் படம் வெளியானபோது அதே வழக்கு மறுபடி எழுந்தது. மணி கோத்த கைவளையங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் ஆடிய ரசிகைகள் ஒருபக்கம். கொடுத்த காசுக்குப் பாட்டையாவது கேட்கவிடுங்கள் என்று முறையிட்டவர்கள் மறுபக்கம். முதல் நாள் முதல் காட்சியில் காகிதம் கிழித்து வீசிப் பழகிய நம் ஊர் ரசிகருக்கு இதில் வழக்காட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் ஒரு நல்ல கேள்வி கிடக்கிறது. இசை ஆவணப்படம் யாருடையது? எடுத்த இயக்குநருடையதா, அதில் பாடியவருடையதா, உரிமையை வாங்கி வைத்திருக்கும் கம்பெனியுடையதா? அல்லது அந்தப் பாட்டோடு வளர்ந்து, படம் வந்த அன்று கூட்டமாகப் போய்ப் பார்த்து, வெளியே வந்து விடிய விடியப் பேசுகிறார்களே, அவர்களுடையதா?

நான் கடைசித் தரப்பின் பக்கம். கதைப் படத்துக்குப் போகிறவருக்குக் கதை தெரியாது. தெரியாமல் போவதில்தான் சுவாரசியம். இசை ஆவணப்படத்துக்கு வருகிறவருக்குக் கதை முக்கால்வாசி தெரியும். எந்தக் கச்சேரியில் எந்தப் பாட்டைப் பாடினார்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள், எந்த இசைத்தட்டில் யாருடைய பெயர் விட்டுப்போனது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சில இடங்களில் இயக்குநரைவிட அவருக்கு அதிகம் தெரியும். ஆகவே அவர் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்ப்பதில் ரசனையோடு சாட்சி சொல்வதும் கலந்திருக்கிறது. படத்தில் இருப்பதை உறுதி செய்கிறார், இல்லாததைச் சுட்டுகிறார், தவறாக இருப்பதோடு மல்லுக்கு நிற்கிறார். இந்தப் பேச்சு நடந்த பிறகுதான் அந்தப் படம் முழுமையாகிறது என்பது என் கட்சி. கடந்த ஐம்பது அறுபது வருடங்களில் வந்த முக்கியமான படங்களை இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால் இது புரியும்.

இந்த வகைப் படம் உருவாகும்போதே கேமரா மேடையிலிருந்து திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தது. 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டரேயில் மூன்று நாள் நடந்த இசை விழாவை டி. ஏ. பென்னிபேக்கரும் கூட்டாளிகளும், தோளில் வைத்துக்கொண்டு நடமாடக்கூடிய 16 மி.மீ. கேமராக்களால் பதிவு செய்தார்கள். ‘மான்டரே பாப்’ 1968 இறுதியில் வந்தது. ஏறக்குறைய பதினெட்டு நிமிடம் நீளும் அதன் கடைசிப் பகுதி ரவிசங்கரின் சிதார். சிதார் ஒலிக்கத் தொடங்கி வெகுநேரம் வரை வாசிப்பவர் முகம் கண்ணில் படாது. வெயிலில் படுத்துக் கிடக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் வைத்திருக்கிறவர்கள், கண்மூடிக் கேட்கிறவர்கள் என்று கூட்டத்தின் ஊடே கேமரா அலைகிறது. கேட்கிறவர்களில் ஒருவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். பிறகு மேடைக்கு வரும்போது அல்லா ரக்காவின் தபேலாவுக்குப் பின்னால் தம்பூராவோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். கமலா சக்கரவர்த்தி, பாடகி லட்சுமி சங்கரின் தங்கை, தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். உலகின் முதல் பெரிய ராக் விழாப் படத்தில் அவர் இருப்பதைத் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் பேசியதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன். அந்தக் கச்சேரி முடிந்ததும் எழுகிற கரவொலி அடங்க நேரமாகிறது. கேட்கிறவர்களின் முகத்தைக் காட்டித்தான் அந்த இசையின் வேகத்தைச் சொல்ல முடியும் என்று பென்னிபேக்கர் கண்டுகொண்டார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இங்கிருந்துதான் கற்றார்கள்.

1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழாவும், 1970 மார்ச்சில் வெளியான மைக்கேல் வாட்லியின் மூன்று மணி நேரப் படமும் பரவலாகத் தெரிந்த கதை. இங்கே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சேற்றில் நின்றவர்கள் சில லட்சம் பேர். ஆனால் உட்ஸ்டாக் என்றதும் ஒரு தலைமுறை முழுவதும் நினைத்துக்கொள்ளும் உட்ஸ்டாக், திரையை இரண்டாகவும் மூன்றாகவும் பிரித்துக் காட்டிய அந்தப் படத்தின் உட்ஸ்டாக்தான். தெல்மா ஸ்கூன்மேக்கரும் மார்ட்டின் ஸ்கோர்செசியும் படத்தொகுப்பில் வேலை பார்த்தார்கள். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. போகாதவர்களுக்கும் போய்வந்த நினைவைப் படம் கொடுத்துவிட்டது.

உட்ஸ்டாக் நடந்த வருடமே மறுபக்கமும் தெரிந்தது. 1969 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், மேடைக்குக் காவலாக நிறுத்தப்பட்ட ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலைச் சேர்ந்தவரால் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அவர் கையில் துப்பாக்கி இருந்ததும் கத்தி இறங்கியதும் படச்சுருளில் பதிவாகியிருந்தன. மேசல்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த ‘கிம்மி ஷெல்டர்’ அந்தக் காட்சியை மிக் ஜாகருக்குப் படத்தொகுப்பு மேசையில் ஓட்டிக் காட்டுகிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டுகிறது. அதே படச்சுருள் நீதிமன்றத்திலும் காட்டப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர், தற்காப்புக்காகச் செய்தார் என்று முடிவாகி விடுதலையானார்.

கொலையுண்ட இளைஞர் பிறகு மறக்கப்பட்டார். ராக் இசையின் பொற்காலம் முடிந்த இடம் ஆல்டமான்ட் என்று எழுதியவர்களுக்கு அவர் ஓர் உதாரணம், அவ்வளவுதான். 2006இல் சாம் கிரீன் ஒரு சிறிய ஆவணப்படம் எடுத்தார். கல்லறைத் தோட்டத்தில் ஹன்டர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை என்பதைக் காட்டும் படம். அந்த இடத்தின் மனை எண்ணும் குழி எழுத்துமே படத்தின் தலைப்பு. அதைப் பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள். 2008இல் கல் நடப்பட்டது. திரையிடலின் விளைவு என்று நான் சொல்வது இதைத்தான். படம் கேள்வியை வைத்தது. பார்த்தவர்கள் பதில் செய்தார்கள். ‘கிம்மி ஷெல்டர்’ முப்பத்தாறு வருடம் செய்யாமல் விட்ட ஒரு வேலை அது.

இந்தப் பின்னணியில் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ படத்துக்கு வந்தால், ஜானதன் டெமி செய்த காரியம் எவ்வளவு துணிச்சலானது என்பது தெரியும். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேன்டேஜஸ் அரங்கில் நடந்த கச்சேரிகளைப் படமாக்கியவர், கடைசிப் பாட்டு வரும் வரை கூட்டத்தைக் கண்ணில் காட்டவே இல்லை. வெறும் மேடையில் டேவிட் பர்ன் ஒரு கேசட் பிளேயரையும் கிதாரையும் தூக்கிக்கொண்டு தனியாக வருகிறார். அடுத்த பாட்டுக்கு டினா வேமத், அதற்கடுத்து டிரம்ஸ் வாசிக்கும் கிறிஸ் ஃப்ரான்ட்ஸ், பிறகு ஜெரி ஹாரிசன் என்று பாட்டுக்குப் பாட்டு ஆள் சேர்கிறது. மேடைப் பணியாளர்கள் நம் கண்ணெதிரே வாத்தியங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். கைதட்டல் கேட்கிறது, தட்டுகிறவர் தெரிவதில்லை. இந்தப் பாட்டுக்கு இப்படி மகிழ வேண்டும் என்று சொல்லித்தர இன்னொருவர் முகம் திரையில் இல்லாததால், அரங்கில் உட்கார்ந்திருப்பவரே அந்தக் கச்சேரியின் கூட்டமாகிவிடுகிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஆடியவர்கள் ஒழுங்கை மீறவில்லை. படம் அவர்களுக்காக விட்டுவைத்த இடத்தில் போய் நின்றார்கள். ஆடலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னுடைய பதிலும் இதிலிருந்து வருவதுதான். இடம் விட்டுவைத்த படத்துக்கு ஆடட்டும். ‘கிம்மி ஷெல்டர்’ ஓடும்போது யாரும் ஆட மாட்டார்கள். அதைச் சொல்ல அரங்க விதி எதுவும் தேவைப்படவில்லை.

டாக்கிங் ஹெட்ஸ் 1991இல் முறைப்படி கலைந்தது. 2002இல் ஒரு கௌரவிப்பு விழாவில் சேர்ந்து வாசித்ததோடு சரி. பர்னுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த மனத்தாங்கல் பேட்டிகளிலும், 2020இல் வந்த ஃப்ரான்ட்ஸின் சுயசரிதையிலும் பச்சையாக வெளிப்பட்டது. டெமி 2017இல் காலமானார். பிறகு மூல நெகட்டிவைத் தேடி எடுத்து, புதுப்பித்து, ஹாரிசனின் மேற்பார்வையில் ஒலியையும் மறுபடி கலந்து, ஏ24 நிறுவனம் 2023இல் படத்தைத் திரும்ப வெளியிட்டது. செப்டம்பர் 11 அன்று டொரான்டோ விழாவில் ஐமேக்ஸ் திரையிடல் முடிந்ததும் நால்வரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். ஸ்பைக் லீ கேள்வி கேட்டார். அந்த உரையாடல் பல ஊர் ஐமேக்ஸ் அரங்குகளுக்கு நேரலையாகப் போனது. பாட்டு எதுவும் பாடவில்லை, வாத்தியத்தைத் தொடவில்லை. இருந்தும் ரசிகர்கள் மாதக்கணக்கில் பேசியது அந்த அரைமணி நேரத்தைத்தான். யார் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது வரை அலசினார்கள். வம்பு என்று இதை ஒதுக்கிவிட மாட்டேன். நாற்பது வருடப் பழைய படம் நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்தது; அதற்கு ஒரு திரையிடல் தேவைப்பட்டது.

ஒரே இரவு, அல்லது இரண்டு இரவு மட்டும் திரையிடுவதை இப்போது வினியோகஸ்தர்கள் தனி வியாபாரமாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் ஃபேதம் நிறுவனம் இதில் முன்னோடி. கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்களுக்காக 2011இல் தொடங்கி வருடந்தோறும் ஒரு பழைய கச்சேரியைத் திரையரங்குகளில் ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் அந்தக் குழுவின் ஜெரி கார்சியாவின் பிறந்தநாளான ஆகஸ்ட் 1ஐ ஒட்டி. டெட்ஹெட் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் இந்த ரசிகர்கள் சாமானியர்கள் அல்ல. குழு ஊர் ஊராகப் போகும்போது கூடவே வேனில் போனவர்கள்; கச்சேரிகளைத் தாங்களே ஒலிப்பதிவு செய்து, நாடாக்களைக் காசு வாங்காமல் மாற்றிக்கொண்டவர்கள். 1984இலிருந்து அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கப்பட்டது. 1974 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் எடுத்து 1977இல் கார்சியா வெளியிட்ட ‘தி கிரேட்ஃபுல் டெட் மூவி’யில் இசைக்கலைஞர்களுக்கு நிகராக இந்தக் கூட்டமும் வருகிறது: வாசலில் டிக்கெட்டுக்கு மல்லுக்கட்டுகிறவர், எங்களைப் படம் பிடிக்க எதற்கு வந்தீர்கள் என்று படக்குழுவிடம் சண்டை போடுகிறவர் உட்பட. கார்சியா 1995இல் இறந்த பிறகு இந்தக் கூட்டத்துக்கு ஒன்றுசேர ஓர் இடம் இல்லாமல் போனது. வருடத்துக்கு ஒரு மாலை திரையரங்கம் அந்த இடத்தைக் கொடுக்கிறது. ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒரே இரவு என்பதால் பெருநகரத்துக்கு வெளியே இருப்பவருக்கும், இரவுப் பணியில் இருப்பவருக்கும் அது கிடைப்பதில்லை. ஆவல் கூட வேண்டுமென்று வியாபாரி காட்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்போது, உண்மையான ரசிகர்களிலேயே ஒரு பகுதி வெளியே நிற்க நேர்கிறது.

ஸ்விஃப்டின் படம் இந்த வியாபாரத்தின் உச்சம். ஸ்டூடியோக்களை ஒதுக்கிவிட்டு ஏஎம்சி திரையரங்க நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டார். பெரியவர் டிக்கெட் 19.89 டாலர், அவர் பிறந்த வருடமும் அவருடைய ஓர் ஆல்பத்தின் பெயரும் அந்த எண்ணில் இருக்கின்றன. உலகம் முழுவதும் 26 கோடி டாலருக்கு மேல் வசூல். கச்சேரி டிக்கெட் கைக்கு எட்டாத விலைக்குப் போன காலத்தில், லட்சக்கணக்கான பெண் குழந்தைகளுக்குத் திரையரங்கமே கச்சேரியானது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆவணப்படம் என்று இதைச் சொல்ல முடியாது. மேடைக்குப் பின்னால் எதையும் இது காட்டவில்லை. நம்மிடமும் 2017இல் ஏ. ஆர். ரஹ்மானின் ‘ஒன் ஹார்ட்’ கச்சேரிப் படமாகத் திரையரங்குகளுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. திரையிடலைச் சுற்றி ஒரு சந்திப்போ பேச்சோ அமைத்திருந்தால் அதன் கதை வேறாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ரசிகர்களே கதையை நகர்த்திய படம் என்றால் 2012இல் வந்த ‘சர்ச்சிங் ஃபார் ஷுகர் மேன்’தான். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஏனென்றால் நான் பேசிக்கொண்டிருக்கும் எல்லாமே, நல்லதும் கெட்டதும், இந்த ஒரு படத்தில் இருக்கின்றன.

சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளிக் குடும்பத்தில் 1942இல் பிறந்தவர். 1970இல் ‘கோல்ட் ஃபேக்ட்’, 1971இல் ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என்று இரண்டு ஆல்பங்கள். அமெரிக்காவில் விற்கவில்லை. அவர் கட்டட இடிப்பு, பழுதுபார்ப்பு வேலைக்குத் திரும்பிவிட்டார். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவில் அதே ‘கோல்ட் ஃபேக்ட்’ வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பாடியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. மேடையிலேயே தற்கொலை செய்துகொண்டார் என்று வதந்தி. ஷுகர் என்ற பட்டப்பெயர் கொண்ட கேப் டவுன் ரசிகர் ஸ்டீவன் செகர்மனும் பத்திரிகையாளர் கிரெய்க் பார்த்தலமியூ ஸ்ட்ரைடமும் தேடத் தொடங்கினார்கள். பாட்டு வரி ஒன்றில் வந்த டியர்பார்ன் என்ற ஊர்ப் பெயர் ஸ்ட்ரைடமை டெட்ராய்ட் பக்கம் கொண்டுபோனது. 1997இல் மனிதர் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1998 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் நிறைந்த அரங்குகளில் பாடினார்.

ஸ்வீடன்காரர் மாலிக் பென்ஜெலூல் இதைப் படமாக்கினார். பணம் தீர்ந்ததும் சில காட்சிகளைக் கைபேசிச் செயலியால் எடுத்து ஒட்டினார். படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் ஒருவர் ‘கோல்ட் ஃபேக்ட்’ இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். போதைப்பொருள் பற்றிய பாட்டு வானொலியில் தவறிக்கூட ஒலிபரப்பாகிவிடக் கூடாது என்று, அந்தப் பாட்டு இருக்கும் இடத்தில் மட்டும் தட்டைக் கூர்முனையால் கீறி வைத்திருக்கிறார்கள். ஊசி வைத்தால் தாவி ஓடும், பாட்டு எழும்பாது. தணிக்கை என்ற அரசாங்கச் செயலை இவ்வளவு நெருக்கத்தில் காட்டிய வேறு காட்சி எனக்கு நினைவில் இல்லை. சட்டப்பிரிவு எதையும் படிக்க வேண்டாம். அந்தக் கீறலைப் பார்த்தால் போதும்.

2012 ஜனவரியில் சன்டான்ஸ் விழாவில் நடுவர் சிறப்புப் பரிசையும் பார்வையாளர் பரிசையும் படம் பெற்றது. விழா விழாவாகப் படம் போனபோது ரோட்ரிகஸும் போனார். படம் முடியும், விளக்கு எரியும், எழுபது வயதான மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு மேடைக்கு வருவார், அரங்கம் எழுந்து நிற்கும். 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்தபோது அவர் விழாவுக்குப் போகவில்லை. படமெடுத்தவர்களின் பெருமையைத் தான் பங்குபோடக் கூடாது என்பது அவர் எண்ணம். பிறகு பெரிய அரங்குகளில் கச்சேரி, கிளாஸ்டன்பரி விழா, பழைய ஆல்பங்களின் மறுவிற்பனை. கண்ணழுத்த நோயால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சில கச்சேரிகள் சரியாக அமையவில்லை என்று டிக்கெட் வாங்கியவர்கள் வருத்தப்பட்டதும் உண்டு. படத்தில் பார்த்த அந்த இளங்குரலைத் தேடிப்போனால் கிடைக்காது, மனிதரைப் பார்க்கப் போங்கள் என்று மூத்த ரசிகர்கள் புதியவர்களுக்குச் சொன்னார்கள். எந்த விமர்சகரும் அதைவிட நல்ல ஆலோசனை சொல்லியிருக்க முடியாது.

இனி மறுபக்கம். படம் ஓடத் தொடங்கியதும் ஆஸ்திரேலிய ரசிகர்கள் கேட்டார்கள்: எங்கள் கதை எங்கே? ரோட்ரிகஸ் 1979இல் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தார், 1981இல் மறுபடி வந்தார், மிட்நைட் ஆயில் குழுவோடும் மேடையேறினார். நேரடிக் கச்சேரி ஆல்பம்கூட அங்கே வெளியானது. படமோ, 1971க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவைத் தவிர உலகமே அவரை மறந்துவிட்டது, 1998 வரை எவர் முன்னாலும் பாடவில்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. கதை கெட்டுவிடும் என்று விட்டிருக்கிறார்கள். இது பெரிய குறை என்றுதான் நான் கருதுகிறேன். கீறிய இசைத்தட்டைக் காட்டி மறைப்பின் கொடுமையைச் சொன்ன படம், தான் ஒன்றை மறைத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவை இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தாலும் கேப் டவுன் கச்சேரியின் கண்ணீர் குறைந்திருக்காது.

இன்னொரு கேள்வி தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தது. யாருடைய நாயகன் அவர்? படத்தில் பேசுகிறவர்களும் 1998 கூட்டத்தில் தெரிகிறவர்களும் பெரும்பாலும் வெள்ளையர்கள். நிறவெறி ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர்களுக்கு அந்தப் பாட்டுகள் தைரியம் கொடுத்தன என்பது உண்மை. கறுப்பின மக்களின் போராட்டப் பாட்டுகள் முற்றிலும் வேறு. மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும் நாடுகடந்து வாழ வேண்டியிருந்த காலம் அது. அந்த வித்தியாசத்தைப் படம் சொல்லவில்லை, விவாதம் சொல்லியது. மூன்றாவது கேள்வி பணம். தென்னாப்பிரிக்காவில் விற்ற தட்டுகளுக்கான காசு பாடியவருக்கு வரவில்லையே, எங்கே போனது? இசைக் கம்பெனியை நடத்திய கிளாரன்ஸ் அவன்ட் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதோடு படம் அந்தப் பேச்சை விட்டுவிடுகிறது. பார்த்தவர்கள் விடவில்லை. பாடல் உரிமை குறித்து 2014இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. பென்ஜெலூல் அந்த ஆண்டு மே மாதம் 36 வயதில் இறந்தார். ரோட்ரிகஸ் 2023 ஆகஸ்ட் 8 அன்று 81 வயதில் மறைந்தார்.

அதே வரிசையில் வேறு வகையான பலனைக் கண்டது ‘ஆன்வில்! தி ஸ்டோரி ஆஃப் ஆன்வில்’. கனடா நாட்டு ஹெவி மெட்டல் குழு. எண்பதுகளில் கொஞ்சம் பெயர், பிறகு ஒன்றுமில்லை. பாடகர் லிப்ஸ் பள்ளிகளுக்கு உணவு கொண்டுபோகும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். படத்தை எடுத்த சாஷா கெர்வாசி பதின்ம வயதில் இவர்களுடைய ரசிகர், கூடவே ஊர் சுற்றிச் சாமான் தூக்கியவர். 2008இல் சன்டான்ஸில் படம் பாராட்டுப் பெற்றது. அடுத்த வருடம் சில ஊர்களில் படம் முடிந்ததும் ஆன்வில் மேடையேறி வாசித்தது. திரையில் வெறிச்சோடிய விடுதியில் வாசித்தவர்களை நேரில் நிறைந்த அரங்கில் கேட்கும்போது, அந்த நிறைவுக்குக் காரணம் தாங்கள்தான் என்று ரசிகர்களுக்குத் தெரியும். நட்பு பற்றிய படங்களில் எனக்கு இதுவே முதலில் நினைவுக்கு வரும்.

ரசிகர் சண்டை தலைமுறை தாண்டியும் தீராத படம் ஸ்கோர்செசியின் ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’. 1976 நவம்பர் 25, நன்றி நவிலும் நாள், தி பேண்ட் குழு வின்டர்லேண்டில் கடைசிக் கச்சேரி நடத்தியது. வந்த ஐயாயிரம் பேருக்கு அமைப்பாளர் பில் கிரஹாம் முதலில் வான்கோழி விருந்து போட்டார். 1978இல் படம் வந்தது. சத்தமாக ஓட்ட வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுச் சொல்லும் படம். வருடந்தோறும் அந்தப் பண்டிகையை ஒட்டி அமெரிக்க ஊர்களில் அதைத் திரையிடுகிறார்கள். உள்ளூர்க் கலைஞர்கள் சேர்ந்து அதே பாட்டுகளைப் பாடும் கச்சேரிகளும் நடக்கின்றன. ஆனால் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடிய லெவன் ஹெல்ம் 1993இல் எழுதிய சுயசரிதையில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். தயாரிப்பாளரும் கிதார் கலைஞருமான ராபி ராபர்ட்சனே படம் முழுக்கத் தெரிகிறார், ரிச்சர்ட் மேனுவலும் ரிக் டான்கோவும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதைப் படித்துவிட்டுப் பார்த்தால் கேமரா எங்கே போகிறது என்பதையே கண் பின்தொடர்கிறது. ஹெல்ம் சொன்னதில் நியாயம் உண்டு என்பது என் முடிவு. படத்தின் அழகு அதனால் குறையவில்லை என்பதும்தான். ஹெல்ம் 2012இல் போனார், ராபர்ட்சன் 2023இல். கட்சி கட்டியவர்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

திரையிடலையே பாடியவர் தடுத்த கதையும் உண்டு. 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் அரீதா ஃபிராங்க்ளின் இரண்டு இரவுகள் பக்திப் பாட்டுகள் பாடினார். ‘அமேசிங் கிரேஸ்’ ஆல்பம் பெரும் வெற்றி. சிட்னி போலக் எடுத்த படமோ முடங்கியது. காட்சி தொடக்கத்தில் கிளாப் அடிக்கும் பலகையைப் பயன்படுத்தாததால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியவில்லை. பல பத்தாண்டு கழித்து ஆலன் எலியட் அதைச் சரிசெய்தார். 2015இல் டெலுரைட் விழாவில் காட்டவிருந்தபோது அரீதா நீதிமன்றம் போய் நிறுத்தினார். தன் அனுமதி இல்லாமல் காட்டக் கூடாது என்றார். ரசிகர்கள் ஏங்கினாலும் அவருக்கு அந்த உரிமை இருந்தது; ரசிகர் கூட்டத்தின் கட்சி பேசும் நானும் அதை மறுக்க மாட்டேன். 2018 ஆகஸ்டில் அவர் இறந்த பிறகு குடும்பத்தின் சம்மதத்தோடு நவம்பரில் நியூயார்க்கில் படம் காட்டப்பட்டது. பிறகு தேவாலயங்களிலும் காட்டினார்கள். பாட்டு பிறந்த மாதிரியான இடத்தில், ஆமென் என்று குரல் கொடுத்துப் பழகிய கூட்டத்தின் நடுவே அது ஓடியதுதான் சரி.

‘சம்மர் ஆஃப் சோல்’ படத்துக்கு அதைவிட நேரடியான ஒரு திரும்புதல் வாய்த்தது. உட்ஸ்டாக் நடந்த அதே 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில், மவுன்ட் மோரிஸ் பூங்காவில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கறுப்பின மக்களின் இசை விழா நடந்தது. ஸ்டீவி வொண்டர், நினா சிமோன், மஹேலியா ஜாக்சன் பாடினார்கள். ஹால் டுல்சின் பதிவு செய்த நாற்பது மணி நேரக் காட்சிகள் ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்தன, வாங்க ஆளில்லை. இசைக்கலைஞர் குவெஸ்ட்லவ் அதைப் படமாக்கும்போது, சிறுவனாக அந்த விழாவுக்குப் போயிருந்த மூசா ஜாக்சனை உட்காரவைத்துக் காட்சிகளை ஓட்டிக் காட்டுகிறார். அந்த முகம் மெல்ல மாறுகிறது, கடைசியில் கண்ணீர். தன் நினைவு பொய்யில்லை என்று தெரிந்துகொண்ட மனிதனின் கண்ணீர் அது. 2021 ஜூனில், இப்போது மார்கஸ் கார்வி பூங்கா என்று பெயர் மாறியிருக்கும் அதே இடத்தில், திறந்த வெளியில் படம் திரையிடப்பட்டது. ஆஸ்கர் அடுத்த மார்ச்சில் வந்தது. எனக்கு அந்தப் பூங்காத் திரையிடல் ஆஸ்கரைவிட முக்கியம்.

இப்போது பெரும்பாலான இசை ஆவணப்படங்கள் நேராக ஓடிடியில் இறங்குகின்றன. தூரத்து ஊரில் இருப்பவருக்கும் உடனே கிடைக்கிறது என்ற நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆஸ்திரேலிய ரசிகரும் கேப் டவுன் ரசிகரும் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசுவது வீட்டு சோபாவில் நடக்காது. பீட்டர் ஜாக்சனின் ‘தி பீட்டில்ஸ்: கெட் பேக்’ 2021 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தளத்தில் ஏறக்குறைய எட்டு மணி நேரத் தொடராக வந்தது. மொட்டைமாடிக் கச்சேரிப் பகுதியை மட்டும், அது நடந்த 1969 ஜனவரி 30ஆம் தேதியின் நினைவாக, 2022 ஜனவரி 30 அன்று ஐமேக்ஸ் அரங்குகளில் காட்டினார்கள். வீட்டில் முன்பே பார்த்தவர்கள் பலரும் மறுபடி டிக்கெட் வாங்கினார்கள். கூடிப் பார்ப்பதற்கு இருக்கும் தேவைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தத் தொடரின் மூலம், 1969 ஜனவரியில் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் எடுத்துக் குவித்த படச்சுருள்கள். அவற்றிலிருந்து அவரே 1970 மே மாதம் ‘லெட் இட் பி’ என்ற எண்பது நிமிடப் படத்தை வெளியிட்டிருந்தார். குழு பிரிந்த செய்தி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. லண்டன் முதல் காட்சிக்கு நால்வரில் ஒருவரும் வரவில்லை. துக்க வீட்டுக்குப் போகிற மனத்தோடு ரசிகர்கள் அரங்குக்குப் போனார்கள், அப்படியேதான் படமும் தெரிந்தது. பிறகு அது பல பத்தாண்டுகள் முறையாகக் கிடைக்கவில்லை. பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் முறைத்துக்கொள்ளும் காட்சி வாய்வழிக் கதையாக வளர்ந்தது. யோகோ ஓனோதான் குழுவைக் கெடுத்தார் என்ற பழியும் கூடவே வளர்ந்தது. ஜாக்சனின் எட்டு மணி நேரத்தில் அதே நால்வர் சிரிக்கிறார்கள், கிண்டலடிக்கிறார்கள், யோகோ ஒரு மூலையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வருடப் பழியை ரசிகர்கள் பலர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஜாக்சன் இனிப்பைக் கூட்டிவிட்டார் என்று சொல்கிற பழைய ரசிகர்களும் உண்டு. 2024 மே மாதம் ‘லெட் இட் பி’யும் புதுப்பிக்கப்பட்டுத் திரும்ப வந்துவிட்டதால் இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். திரைப்படச் சங்கங்கள் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டட்டும். 1970இல் அரங்கில் பார்த்தவர்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, எந்தக் காட்சியில் அவர்கள் தலையாட்டி மறுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.